ஒதுக்கீட்டில் வந்தவள்

2024 ஜூலை 4, கொழும்பு

ஹல்துமுல்லையில் பஸ்ஸுக்கு நின்றபோது அடித்த காற்றில், சூட்கேஸ் உருண்டுவிடாமலிருக்கத் தம்பி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஜூலையில் பெரகலைப் பக்கம் இப்படித்தான் வீசும். அப்பாயி லயத்து வாசலோடு நின்றுவிட்டார். இந்த மாசத்தில் யாரும் தூரப் பயணம் கிளம்புவது அவருக்குப் பிடிக்காது. 83 ஜூலைக் கலவரத்தில் பதுளை டவுன் எரிந்த அன்று அங்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இரத்தினபுரி தாண்டியதும் பஸ் ரேடியோவில் செய்தி: 1,700 ரூபாய் நாட்சம்பள வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை. மே தினத்தில் கொட்டகலை மேடையில் ஜனாதிபதி அறிவித்த சம்பளம். கூடுதலாக வரப்போகும் அந்த 700ஐ நம்பித்தான் அம்மா என் டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியிருந்தார். அவருக்குப் போன் எடுத்தேன். செய்தி பற்றி இருவருமே பேசவில்லை.

ஜூலை 6, சில்ஹெட்

டாக்காவிலிருந்து பகல் ரயில். ஸ்ரீமங்கல் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே தேயிலை, அதுவும் கிட்டத்தட்ட சமதரையில். எங்கள் ஊரில் ஏறி இறங்கியே முழங்கால் தேயும். இங்கே சின்னச் சின்ன மேடுகள், வரிசையாக நிழல் மரங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பெருமையாகக் காட்டினார். நான் முதன்முறை பார்ப்பவளைப் போலவே தலையாட்டி வைத்தேன்.

ஜூன் வெள்ளத்தின் கறை நகரத்துச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. விசா பிந்தியதால் நான் வருவதற்குள் மருத்துவக் கல்லூரியில் தோள்பட்டை எலும்புப் பாடம் முடிந்துவிட்டது.

ஜூலை 10

வகுப்பில் பாதிப்பேர் இல்லை. ‘பங்ளா பிளாக்கேட்’ என்று நாடெங்கும் ரோட்டை மறிக்கிறார்கள். அறைத்தோழி சாந்த்பூர்க்காரி. எதற்கெடுத்தாலும் தன் ஊர் இலிஷ் மீனைப் பற்றிப் பேசுபவள், இன்று கட்டிலில் சம்மணம் போட்டு எனக்கு விளக்கினாள். அரசு வேலையில் 56 சதவீதம் ஒதுக்கீடு. அதில் 30, 1971 போரில் சண்டையிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். பெண்களுக்கு 10, மாவட்டங்களுக்கு 10, சிறுபான்மை இனக்குழுக்களுக்கு 5, மாற்றுத்திறனாளிகளுக்கு 1. மாணவர்கள் போராடி 2018ல் மேல்நிலைப் பதவிகளில் இதை எடுக்க வைத்தார்கள். போன மாசம் 5ஆம் தேதி ஹைகோர்ட் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

“ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் தாத்தா பெயரைச் சொல்லி வேலையா?” என்றாள். நியாயம்தான். அந்தச் சான்றிதழ் ஆளுங்கட்சிக்காரர் வீட்டுக்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அவளுடைய பெரிய ஆத்திரம்.

உங்கள் நாட்டில் கோட்டா உண்டா என்று கேட்டாள். உண்டு, கம்பஸுக்கு. அகில இலங்கைத் தகுதிக்கு 40 சதவீதம், மாவட்ட சனத்தொகைக்கு ஏற்றபடி 55, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5. அந்தப் பதினாறில் பதுளையும் ஒன்று. விஞ்ஞான வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து மேலே வரும் பிள்ளைக்கு அதுதான் கதவு. எனக்குப் பதுளையின் வெட்டுப்புள்ளியே எட்டவில்லை. கட்டணம் கட்டிப் படிக்க எங்களிடம் காசும் இல்லை. சார்க் நாடுகளுக்கென்று இங்கே அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒதுக்கிய இடத்தில் வந்தேன்.

“அப்போ நீயே கோட்டா!” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கொஞ்சம் சுட்டது.

ஜூலை 12, வெள்ளி

இங்கே வாராந்த விடுமுறை. தேயிலை பார்க்கவேண்டும் என்று நான்தான் அவளை மால்னிசெராவுக்கு இழுத்துப் போனேன். 1854ல் தொடங்கிய தோட்டம். இந்த நாட்டின் முதல் தோட்டம் என்கிறார்கள். டவுனிலிருந்து பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே நடந்தால் குடியிருப்பு. மண் சுவர், தகரக்கூரை, வாசலில் துளசி. ஒரு திண்ணையில் சின்னவள் ஒருத்தி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். பன்னிரண்டாம் வகுப்பு இண்டர் பரீட்சை எழுதுகிறாளாம். நாடு முழுக்க ஜூன் 30ல் தொடங்கிய பரீட்சை, வெள்ளத்தால் சில்ஹெட் போர்டுக்கு மட்டும் 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஒராவோன் என்ற சிறுபான்மை இனக்குழுக் குடும்பம். பாட்டன் பூட்டன் எங்கிருந்தோ கூட்டிவரப்பட்டவர்கள். எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அம்மா கொழுந்துப் பொதியைத் தலையில் சுமந்து வந்தார். நான் முதலில் பார்த்தது அவர் விரல்களைத்தான். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேரும் இடத்தில் கறை கறுத்து வெடித்திருந்தது, எங்கள் அம்மாவுக்கு இருக்கிற அதே இடத்தில். நாளைக்கு 23 கிலோ பறித்தால் 170 டாக்கா, எங்கள் காசில் 440 ரூபாய் அளவு. 2022 ஆகஸ்டில் 300 கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் 120 இந்த 170 ஆனது. என் அம்மாவும் இதே வேலைதான் என்று தோழியைச் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்க வந்தவளின் அம்மா எப்படிக் கொழுந்து பறிப்பாள்?

இரவு தேடிப் படித்தது: 1921 மே மாசம் சுர்மா பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ‘ஊருக்குப் போவோம்’ என்று கிளம்பி, கப்பலேறச் சாந்த்பூர்வரை போயிருக்கிறார்கள். 20ஆம் தேதி இரவு கூர்க்காச் சிப்பாய்களை ஏவி அடித்தார்கள். சாந்த்பூரில் பிறந்து வளர்ந்த என் தோழிக்கு இது தெரியாது. அங்கே, ஊருக்குப் போகிறேன் என்றவர்களை அடித்து நிறுத்தினார்கள். இலங்கையில் எங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று 1964ல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத்துக்காரனிடம் மட்டும் கேட்பதில்லை, எங்கேயும்.

ஜூலை 17

நேற்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். வீடியோவை ஒருமுறைக்கு மேல் பார்க்க முடியவில்லை. நாடெங்கும் கல்லூரிகளை மூடிவிட்டார்கள். விடுதியில் வெளிநாட்டவர் மட்டும் இருக்கலாமாம். தோழி ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜூலை 20

முந்தாநாள் இரவிலிருந்து இணையம் இல்லை. நேற்று நள்ளிரவு முதல் ஊரடங்கு, ரோட்டில் ராணுவம். இந்த ஊரிலேயே ருத்ர சேன் என்ற பல்கலைக்கழக மாணவன் போலீஸுக்குத் தப்பி ஓடிக் கால்வாயில் மூழ்கி இறந்தான். மறுநாள் துராப் என்ற பத்திரிகையாளரைச் சுட்டுவிட்டார்கள்.

கரண்ட் மீட்டர் இங்கே முன்பணம் கட்டி ஓடுவது. போனில் கட்டவேண்டும், போனில் இணையம் இல்லை. எதிர்வீட்டில் மீட்டர் தீர்ந்து இருட்டில் இருக்கிறார்கள். கடையில் போனில் பணம் கட்டும் பிகாஷ் செல்லாது, நோட்டுத்தான். இலங்கைப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் பதறவில்லை. 2022ல் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையும் மண்ணெண்ணெய் வரிசையையும் பார்த்தவர்கள். மாத்தறைச் சீனியர் அக்கா அரிசி, பருப்பு, மெழுகுதிரி என்று லிஸ்ட் போட்டுப் பங்கு பிரித்தார்.

இந்திய மாணவர்கள் தாமாபில் எல்லை வழியாக மேகாலயாவுக்குப் போகிறார்கள். பக்கம்தான். நாங்களும் போகலாமே என்றால் இந்திய விசா வேண்டும். விண்ணப்பிக்க இணையம் வேண்டும்.

ஜூலை 21

வேலை ஒதுக்கீட்டு வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. 93 சதவீதம் தகுதிக்கு. போராளி குடும்பங்களுக்கு 5, இனக்குழுக்களுக்கு 1, மாற்றுத்திறனாளிகளுக்கும் மூன்றாம் பாலினத்தவருக்கும் சேர்த்து 1.

சாப்பாட்டறை டீவியில் இதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு இருந்தது போய்விட்டது. மாவட்டத்துக்கு இருந்தது போய்விட்டது. திண்ணையில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு 5 இருந்த இடத்தில் 1. முப்பதை வெட்டப் போன கத்தி, யாரும் கேட்காத இடத்திலும் வெட்டியிருக்கிறது. செத்துப்போன பிள்ளைகள் இதற்காகச் சாகவில்லை. அதற்காக இதைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

ஜூலை 31

வாட்ஸ்அப் திரும்ப வந்தது. அம்மா: “சாப்பிட்டியா?” மற்றதெல்லாம் பிறகு.

ஆகஸ்ட் 6

பிரதமர் ஹசீனா நேற்று இந்தியாவுக்குப் போய்விட்டார். அவருடைய கணபவன் மாளிகைக்குள் புகுந்து ஆட்கள் மீனும் சேலையும் நாற்காலியும் தூக்கிப் போகிறார்கள். 2022ல் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த மக்கள் நீச்சல் குளத்தில் குளித்ததை எல்லோரும் ஞாபகப்படுத்திக்கொண்டோம். வெற்றி வரும்வரை ஜூலை முடியாது என்று இவர்கள் நாளை எண்ணிக்கொண்டே போனதால், நேற்று இவர்களுக்கு ஜூலை 36.

இன்று இந்து வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்ட செய்திகள். சில இடங்களில் மதரஸா மாணவர்களே கோயில் வாசலில் காவல் நிற்கிறார்களாம். அப்பாயி போனை வாங்கி ஒரே கேள்வி கேட்டார்: “பொட்டு வச்சிருக்கியா?” ஆமாம் என்றேன். “அழிச்சிரு புள்ள. நான் பஸ்ஸுக்குள்ளயே அழிச்சேன்.” பதுளையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21

தோழி வந்துவிட்டாள், டப்பா நிறையப் பொரித்த இலிஷ் மீனோடு. போலீஸ் இல்லாத நாட்களில் சாந்த்பூரில் டிராபிக் பார்த்தாளாம், முகம் கறுத்துப்போயிருக்கிறது. ஊரில் சம்பளம் 1,350 என்று பேசி முடித்திருப்பதாக அம்மா சொன்னார்.

நின்றுபோன இண்டர் பரீட்சைகளை நேற்று அடியோடு ரத்து செய்துவிட்டார்கள். மாணவர்கள் தலைமைச் செயலகத்துக்குள்ளேயே போய் நின்று கேட்டது. கூட்டாளிகள் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எப்படி எழுதுவது என்கிறார்கள். தோழிக்குச் சந்தோஷம். மால்னிசெராப் பிள்ளை மற்றவர்களைவிடப் பிந்தித்தானே எழுதத் தொடங்கினாள், அவளுக்கு எதை வைத்துப் புள்ளி போடுவார்கள் என்று கேட்டேன். அந்த ஒரு சதவீதக் கதையையும் சொன்னேன்.

“அதெல்லாம் அப்புறம் சரி பண்ணலாம். முதலில் நாடு.”

“2022லயும் எங்களுக்கு அப்படித்தான் சொன்னாங்க.”

கோபித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மீனில் முள் எடுத்தாள். பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை போய் அந்தப் பிள்ளையிடமே கேட்போம், நீ சொல்கிற மாதிரிதான் அவளும் நினைக்கிறாளா பார்ப்போம் என்றாள். சனிக்கிழமை முன்கை எலும்புகள் பரீட்சை இருக்கிறது. போவோம் என்றேன்.