வெட்டுண்ட மரம்

சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் காய்ச்சலுற்று, ஒரு வாரம் பங்கு இல்லத்தில் படுத்திருந்தேன். கோடம்பாக்கத்துப் பங்கு மக்கள் கஞ்சியும் மிளகு இரசமும் கொண்டுவந்து அன்பு காட்டினர். ஐந்தாம் நாள் மாலை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி வாயிலில் வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம், கையில் ஒரு பை. "சித்தப்பா, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?" என்றாள். அவள் என் அண்ணன் மகள். அந்த உறவுச் சொல்லை அவள் வாயால் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். பையில் ஆறு ஆப்பிள் பழங்கள் இருந்தன. "மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் வாங்கினேன். சிம்லாப் பழமாம்" என்றாள்.

அவள் சென்றபின் அப்பழங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றின் வரலாற்றை முன்பே படித்திருந்தேன். ஆனால் அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அன்பு வாசகர்களுக்கும் அதைச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பெரு என்றொரு சிற்றூர். அங்கே ஜெஸ்ஸி ஹயட் என்னும் உழவர் தம் பழத்தோட்டத்தைப் பேணி வாழ்ந்தார். அவர் ஒரு குவேக்கர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தோற்றுவித்த 'நண்பர்கள் சபை'யினரையே உலகம் குவேக்கர் என அழைக்கிறது. குருத்துவமோ, திருவருட்சாதனச் சடங்குகளோ அவர்களிடம் இல்லை. மௌனமாகக் கூடி அமர்ந்து, இறைவன் உள்ளத்தில் பேசும்வரை காத்திருப்பர். போரையும் ஆணையிடுதலையும் விலக்குவர். கோட்பாட்டில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு பெரிது. ஆயினும் காத்திருத்தல் என்னும் அப்பண்பு நாமும் கற்கத்தக்கதே.

1870களில் ஹயட்டின் தோட்டத்தில், வரிசை தப்பி ஒரு கன்று தானாக முளைத்தது. ஒழுங்கை விரும்பிய அவர் அதை வெட்டினார். மறு ஆண்டு அது மீண்டும் துளிர்த்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் துளிர்த்தது. வாழத் துணிந்ததை வாழ விடுவோம் என்று அதன்பின் அவர் கத்தியை எடுக்கவில்லை என்பர். ஆண்டுகள் பல காத்திருந்த பின்னரே அம்மரம் காய்த்தது. 1893இல் மிசௌரி மாநிலத்தில் நடந்த ஒரு பழக்கண்காட்சிக்கு அதன் கனிகளை அவர் அனுப்பினார். ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணையினர் அதன் உரிமையை விலைக்கு வாங்கி, 'சுவைமிக்கது' எனப் பொருள்படும் 'டெலிஷஸ்' என்னும் பெயரைச் சூட்டினர். 1940இல் கடுங்குளிரால் அந்தத் தாய்மரம் பட்டுப்போயிற்று. எனினும் வேரிலிருந்து மறுபடியும் துளிர்விட்டது. ஜெஸ்ஸி என்பது நம் விவிலியத்தில் ஈசாய் என வரும் பெயரே. ஈசாயின் அடிமரம் தளிர்க்கும் என்று எசாயா உரைத்த இறைவாக்கைத் திருவருகைக் காலந்தோறும் கேட்கும் நமக்கு, இது வியப்பூட்டும் ஒற்றுமையன்றோ!

அம்மரத்தின் வழிவந்த கன்றுகளை இமயமலைச் சாரலில் நட்டவரும் குவேக்கர் மரபில் வந்தவரே. சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ், 1882இல் பிலடெல்பியாவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். 1904இல் இந்தியா வந்து, சிம்லா மலைப்பகுதியில் சபாத்து என்னுமிடத்துத் தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். பின்னர் அசிசியின் புனித பிரான்சிஸ்குவைப் போல உடைமைகளைத் துறந்து, ஏழைத் துறவியாகச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1912இல் கோட்கர் பகுதியைச் சேர்ந்த ஆக்னஸ் என்னும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்து, அங்கேயே நிலம் வாங்கி வீடு கட்டினார். ஆங்கிலேயர் முன்பே அம்மலைகளில் புளிப்பான ஆப்பிள் வகைகளைப் பயிரிட்டிருந்தனர். ஸ்டோக்ஸ் 1916இல் 'டெலிஷஸ்' கன்றுகளைத் தருவித்து நட்டார். தாம் மட்டும் செல்வம் சேர்க்க எண்ணாமல், அண்டையிலிருந்த ஏழை உழவர்களுக்கும் கன்றுகளை அளித்தார். மலைமக்களைக் கூலியின்றிச் சுமை தூக்கவைத்த கட்டாய ஊழியத்தை எதிர்த்துப் போராடினார். காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்து, 1921இல் சிறையும் புகுந்தார்.

இனிச் சொல்லப்போவது என் போன்ற குருவுக்கு எளிதன்று. 1932இல் ஸ்டோக்ஸ் தம் குடும்பத்தாருடன் இந்து சமயத்தைத் தழுவி, சத்தியானந்தர் எனப் பெயர் மாற்றிக்கொண்டார். உபநிடதங்களை ஆழ்ந்து கற்றதும், தம் மக்கள் அம்மண்ணின் மக்களோடு ஒன்றாக வேண்டுமென விரும்பியதும் அதற்குக் காரணங்கள். இதைப் படித்தபோது என் மனம் வலித்தது, இன்றும் வலிக்கிறது. ஆனால் 1946இல் அவர் மறையும்வரை அவ்வீட்டு மரங்கள் காய்ப்பதை நிறுத்தவில்லை. தொழுநோயாளர்க்குக் காட்டிய அன்பையும், ஏழைகளுக்குத் தந்த கன்றுகளையும் இறைவன் தம் கணக்கிலிருந்து அடித்துவிட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்தக் கேள்வி என் வீட்டிலேயே முன்பு எழுந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், என் அண்ணன் இந்துப் பெண்ணொருத்தியைக் கோயிலில் தாலி கட்டி மணந்தார். அப்பா சுவரிலிருந்த அவர் படத்தைக் கழற்றினார். அது முதல் வெட்டு. அப்போது நான் குருமாணவன். திருச்சபைச் சட்டத்தின் எண்களையெல்லாம் வரிசைப்படுத்தி, அண்ணனுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். 'நலமா?' என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அது இரண்டாம் வெட்டு, வெட்டியவன் நான். அப்பாவின் அடக்கத்தன்று அண்ணன் கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலேயே நின்று திரும்பினார். நான் பார்த்தேன், அழைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் அவரும் மாரடைப்பால் இறந்தார்.

நலம்பெற்றபின் அண்ணன் மகளிடம் தொலைபேசியில் பேசினேன். "என் மேல் உனக்குக் கோபமில்லையா அம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனம். பின், "உங்கள் கடிதம் அப்பாவின் பெட்டியில் இருந்தது, சித்தப்பா. கிழித்துவிடச் சொன்னேன். 'தம்பியின் கையெழுத்து எவ்வளவு அழகு பார்' என்று சொல்லி, மடித்து வைத்துவிட்டார்" என்றாள்.

கோட்பாட்டில் நான் இன்றும் தளரவில்லை. பிள்ளைகள் விசுவாசத்தில் நிலைக்க வேண்டுமென்று ஒவ்வொரு திருப்பலியிலும் மன்றாடுகிறேன். ஆயினும் பெற்றோரே, வரிசை தப்பி வளர்ந்த கன்று உங்கள் வீட்டிலும் இருக்குமாயின், கத்தியைக் கீழே வையுங்கள். சுவரிலிருந்து கழற்றிய படம் இருக்குமாயின், மீண்டும் மாட்டுங்கள். காத்திருப்பது நம் கடமை. கனி தருவது அவர் செயல்.

அடுத்த ஞாயிறு மாலை அண்ணியாரின் வீட்டுக்குச் சென்றேன். என்ன பேசுவதென்று தெரியாமல், தள்ளுவண்டியில் ஆறு ஆப்பிள் பழங்கள் வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்த அண்ணியார் என்னைச் சற்றே உற்றுநோக்கி, "உள்ளே வாருங்கள் தம்பி" என்றார்.