உலக முடிவுக்கு ஒரு பயணத் திட்டம்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வதென விடுதி நண்பர் அறுவர் தீர்மானித்தபோது, பயணம் ஒன்றைத் திட்டமிடுவது பணத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை என்றே நான் எண்ணியிருந்தேன். வான் கூலி, நுழைவுக் கட்டணம், இரவுத் தங்கல், சாப்பாடு என ஒரு தாளிற் பட்டியல் நீண்டது.

விரைவில் மலையும் தன் நிபந்தனைகளை அப்பட்டியலிற் சேர்த்தது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்திலுள்ள அப்புல்வெளியில், முற்பகல் பத்து மணியளவில் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடுவது வழக்கம். ஆதலால் விடியுமுன் புறப்படல் வேண்டும். தை, மாசியில் மழை குறைவெனினும் இரவில் உறைபனி விழுவதுண்டு, கம்பளியுடை வேண்டும். பொலித்தீன் பைகளுக்குப் பூங்காவில் இடமில்லை; சோற்றை வாழையிலையிற் கட்டவேண்டும்.

“இத்தனை சிரமப்பட்டு அங்கே எதற்கு?” என்றார் ஒருவர். பேராதனையில் எமது வளாகத்தினூடே ஓடும் மகாவலியின் நீரில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகின்றது என்றேன். களனிக்கும் வளவைக்கும் நீரூட்டும் ஓடைகளும் அங்கே தோன்றுகின்றன. மூடுபனியின் ஈரத்தை மரங்களும் பாசியும் பற்றிக்கொண்டு சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. 1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்நிலம், 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

அதுவரை மௌனமாயிருந்த நண்பர், “புதன்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை போகலாமா?” என்றார். ஞாயிறன்று கூட்டம் மிகும் என்று மறுத்தோம். அவர் சற்றுத் தயங்கிச் சொன்னார்: “அன்றைக்குத்தான் அம்மாவுக்கு வேலையில்லை.”

உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறையின் அடிவாரத் தோட்டமொன்றில் அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறிக்கிறார். 800 மீற்றருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அம்மலையை நாள்தோறும் காண்கிறார். அதன்மேற் படியும் முகிலைக் கொண்டே மழையைக் கணிக்கிறார். ஒருநாளேனும் மேலே சென்றதில்லை. “அங்கேருந்து பார்த்தா நம்ம லயம் தெரியுமா தம்பி?” என மகன் சிறுவனாயிருந்த காலந்தொட்டுக் கேட்டுவருகிறாராம். மகனிடம் விடையில்லை.

உலக முடிவு என்ற பெயர் மேலே நின்று பார்த்தவர் இட்டது. கீழே வாழ்பவருக்கு அவ்விடம் எவ்வாறு தோன்றும் என நாம் ஒருபோதும் எண்ணியதில்லை என்பது அக்கணமே எனக்கு உறைத்தது.

“சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர். அம்மாவால் நடக்க முடியுமா?” என்றார் மற்றொருவர்.

நண்பர் சிரித்தார். “கூடையோடு மலை ஏறி இறங்குகிறவர் அவர். நீங்கள் நடப்பீர்களா என்று பாருங்கள்.”

தாளை மறுபக்கம் புரட்டிப் புதிதாக எழுதினோம். நாள் ஞாயிறு; ஆட்கள் எழுவர். சனி இரவு அப்புத்தளையில் தங்கல். அம்மா அங்கு வந்து சேர்வார். கூடும் செலவை அறுவரும் சமமாகப் பகிர்வது. விடியுமுன் ஒஹியா வழியாக ஏற்றம்.

புறப்படும் நேரத்தை மட்டும் இறுதியில் மீண்டும் திருத்தினோம். மூடுபனி எழுமுன் அம்மா அவ்விளிம்பில் நிற்கவேண்டும். எனவே அரைமணி நேரம் முன்னதாக எனக் குறித்துக்கொண்டோம்.