எதிர்வீட்டுக் கண்கள்

மத்திய அரசுப் பணியேற்றுத் தில்லி வந்த தந்தையருடன் நாங்கள் வளர்ந்தது சரோஜினி நகரில். முன்னாளில் அதனை வினய் நகர் என்பர். சதுரமாய்ச் சூழ்ந்த அரசுக் குடியிருப்புகள், நடுவே புல்வெளி, ஓரங்களில் வேம்பும் நாவலும். பள்ளிப் பையை வைத்துவிட்டு ஓடினால், விளக்கு வைக்கும் வேளைவரை எங்களைத் தேடுவாரில்லை. கிட்டிப்புள் ஆடியே இந்தியும் பஞ்சாபியும் கற்றோம். கோடை இரவுகளில் கயிற்றுக் கட்டில்கள் வாசலுக்கு வந்துவிடும். விண்மீன்களை எண்ணியவாறே உறங்குவோம்.

அச்சுதந்திரத்திற்கும் காவல் இருந்தது. முழங்கால் சிராய்த்தால் பஞ்சாபி மாமி மஞ்சள் பற்றிடுவார். உச்சிக்கிளை ஏறினால் வங்காளி மாமா அதட்டுவார். பல வீட்டுக் கண்களை நம்பியே பெற்றோர் எங்களை வெளியே விட்டனர். ஆயினும் பெண்பிள்ளைகளுக்குக் கிட்டியது அதில் பாதியே: அந்தி சாயுமுன் அவர்கள் வீடு திரும்பியாக வேண்டும்.

அக்குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்ப 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018இல் மரங்களைக் காக்க மக்கள் திரண்டனர். பழைய வாசல்கள் இனித் திரும்பா. ஆனால் எதிர்வீட்டாரின் பெயரை அறிந்துகொள்ள எந்த அடுக்குமாடியும் தடையன்று. பேரனையும் பேத்தியையும் ஒருசேரக் கீழே விளையாட அனுப்பும் துணிவு, அங்கிருந்துதான் நமக்குப் பிறக்க வேண்டும்.