ஓர் அதிர்வு, இரு காரணங்கள்

தில்லி சரோஜினி நகர்ச் சந்தைக்குத் துணி வாங்க வருவோரில் பலர், அங்கொரு ரயில் நிலையமும் உண்டென்பதை அறியார். சரக்கு வண்டிகள் நகரின் நடுவே நுழையாமல் சுற்றிச் செல்ல 1975இல் அமைந்த வட்டப்பாதையின் நிலையம் அது.

அவ்வழியே செல்லும் வண்டியொன்று குலுங்கினால், பழுது சக்கரத்திலா, தண்டவாளத்திலா? 1 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையானால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை தண்டவாளத்தை அடிக்கும். வண்டி எங்குச் சென்றாலும் அந்த அடி தொடரும். பழுது பாதையில் என்றாலோ, எந்த வண்டி வந்தாலும் அதே இடத்தில்தான் குலுங்கும்.

ஆகவேதான் இந்திய ரயில்வேயில் இருவகைக் கருவிகள் உள்ளன. தண்டவாளத்தில் பொருத்திய உணரி, கடந்து செல்லும் சக்கரங்களைச் சோதிக்கிறது. வண்டிக்குள் வைத்த முடுக்கமானி, கடந்து வந்த பாதையைச் சோதிக்கிறது.

ஆயினும் முடுக்கமானி தருவது ஓர் அளவும் ஒரு கிலோமீட்டர்க் குறிப்பும் மட்டுமே. அவ்விடம்வரை நடந்து சென்று, குனிந்து, தளர்ந்த பிடிப்பை இறுக்குபவர் கீமேன். குறிப்பில் 100 மீட்டர் பிசகினால் வெயிலில் தேடி அலைபவரும் அவரே. உணரியின் துல்லியத்தைப் பேசும் ஆய்வுகள், அந்த 100 மீட்டரையும் பிழைக்கணக்கில் சேர்க்க வேண்டும்.