வலிக்கிறதா, கடிக்கிறதா?

உத்தரப் பிரதேச நகரமொன்றில் நடந்த மூன்று நாள் பயிற்சிப் பட்டறையின் கடைசி நாள் அது. பெயருக்கேற்ப உண்மையாகவே பட்டறைதான்: ஒரு மூலையில் பிளாஸ்டிக் தகட்டை இளக்கும் அடுப்பு, இன்னொரு மூலையில் ஓரங்களைத் தேய்க்கும் இயந்திரம், தரையெங்கும் மாவுக்கட்டின் வெண்துகள். வந்திருந்த இருபது பேரும் நான்கரை ஆண்டுப் படிப்பை முடித்த ஆர்த்தோட்டிஸ்டுகள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவைப் புதுப்பிப்பதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. பலர் அதற்காகவே வந்திருந்தனர்.

நாற்காலியில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்திருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய இடது பாதம் தொய்ந்துவிட்டது. நடக்கும்போது முன்பாதம் மேலெழாமல் தரையில் உரசும். முந்தைய நாள் அவர் காலில் எடுத்த அச்சைக் கொண்டு செய்த கணுக்கால்-பாதத் தாங்கியை ஓர் இளைஞர் மாட்டிவிட்டார். பத்து நிமிடம் நடக்கச் சொன்னார். பின்பு குனிந்து இந்தியில் கேட்டார்: “பாபுஜி, வலிக்கிறதா?”

“இல்லை பேட்டா, எல்லாம் சரியாக இருக்கிறது.”

இளைஞர் படிவத்தில் ‘வலி: இல்லை’ என்று எழுதினார். பயிற்றுநரான மூத்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் தாங்கியைக் கழற்றினார். வெளிக்கணுக்கால் எலும்பின்மீது ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்த தடம் தெரிந்தது.

“பாபுஜி, இங்கே எப்படி இருந்தது?”

“அதுவா மேடம், அது கடித்துக்கொண்டிருந்தது.”

“கேட்டபோது சொல்லவில்லையே?”

“வலிக்கிறதா என்றுதானே கேட்டார்?”

அறையில் சிரிப்பு எழுந்தது. பயிற்றுநர் சிரிக்கவில்லை.

அதுவரை அந்தப் பட்டறை கைவேலையை மிகுந்த கவனத்தோடு கற்பித்திருந்தது. கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்து அச்செடுத்தல், எலும்பு துருத்தும் இடங்களை அழியாப் பென்சிலால் குறித்தல், பிளாஸ்டர் மாதிரியில் அவ்விடங்களுக்கு மேல் சற்றே கூடுதல் பூச்சிட்டுத் தாங்கிக்குள் இடம் உண்டாக்குதல், இளகிய பாலிபுரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்தி வெற்றிடத்தால் இழுத்தல் என ஒவ்வொரு படியும் செய்து காட்டப்பட்டது. ஓரத்தை எங்கே வெட்டுவது என்பதற்கே அரைநாள் செலவானது. கணுக்கால் முழைக்குப் பின்னால் வெட்டினால் தாங்கி வளைந்து கொடுக்கும். முன்னால் வெட்டினால் விறைத்து நிற்கும். ஆனால், அணிபவரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவருடைய மொழி அவர் பக்கம் நிற்கிறது. வலிக்கு இந்தியில் ‘தர்த்’ என்பார்கள். அந்த வாக்கியத்தில் வலிப்பவர் தமிழின் ‘எனக்கு’ என்பதைப் போலவே நான்காம் வேற்றுமைப் பொருளில் வருவார். வலி அவருக்கு நேர்கிறது, அவருடைய உடைமையாகிறது. காலணி உறுத்தும்போது இந்தி பேசுவோர் ‘ஜூத்தா காட்தா ஹை’ என்கிறார்கள். ‘செருப்பு கடிக்கிறது’ என்று தமிழ் சொல்வதும் அதையேதான். இங்கே எழுவாய் காலணி, குற்றமும் அதனுடையது. முதல் வாக்கியம் உடலைப் பற்றியது, இரண்டாவது பொருளைப் பற்றியது. உடலைப் பற்றிக் கேட்டார்கள். உடலில் நோய் ஏதுமில்லை என்று அவர் உண்மையாகவே விடையளித்தார்.

இதில் மரியாதையும் கலந்திருக்கிறது. பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் கருவி, அதைச் செய்தவர் எதிரிலேயே மண்டியிட்டிருக்கிறார். அந்நிலையில் ‘வலிக்கிறதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதே பண்பான விடை.

1975இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மக்கில் வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 குழுக்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வலி என்பது கூடுவதும் குறைவதுமான ஒற்றை அளவு அன்று, அதற்குப் பல தன்மைகள் உண்டு என்பதே அதன் அடிப்படை. தமிழர்க்கு இது புதிதன்று: கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல் ஆகியவற்றை எவரும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. தாங்கியைத் திருத்துபவருக்கு இவ்வேறுபாடுகளே அளவுகோல். குத்துகிறது என்றால் ஓரத்தையோ எலும்பின் முனையையோ பார்க்க வேண்டும். இறுக்குகிறது என்றால் பட்டையையும் வீக்கத்தையும் பார்க்க வேண்டும். எரிகிறது என்றால் தாங்கிக்குள் கால் நழுவித் தோல் உராய்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவத்தில் இருந்ததோ ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே.

பயிற்றுநர் தம் பையிலிருந்து ஒரு சிறு தாங்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூளை முடக்குவாதம் கொண்ட சிறுமி ஒருத்திக்காக அவரே செய்தது. ஆறு மாதம் கழித்துத் தாயும் மகளும் வந்தபோது அடிப்பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. ‘வலிக்கிறதா’ என்று அன்று கேட்டவரும் அவரே. அந்த ஆறு மாதத்தில் சிறுமியின் குதிகால் தசைநார் மேலும் இறுகியிருந்தது. அதற்குமேல் அவர் எதுவும் விளக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இயக்கக் குறைபாடு கொண்டோர் ஏறத்தாழ 54 லட்சம் பேர். வழங்கப்பட்ட கருவிகளை எண்ணுவது எளிது; அணியப்படாமல் ஆணியில் தொங்குபவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் அன்று பயிற்றுநர் நினைவூட்டினார். 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்கள் பெரும்பாலும் வலியுணர்வு அற்றுப்போனதன் விளைவே என்று காட்டியவர். அத்தகைய கால் கடிபட்டாலும் சொல்லாது. அங்கே கேள்விக்குப் பதிலாகக் கண்ணும் கையும் வேண்டும். தாங்கியைக் கழற்றி 20, 30 நிமிடங்கள் ஆகியும் சிவப்பு மறையவில்லையென்றால், அணிந்தவர் என்ன சொன்னாலும் திருத்தியே ஆக வேண்டும்.

பிற்பகலில் இளைஞர் கணுக்கால் பகுதியைச் சூடாக்கி வெளிப்புறமாகத் தள்ளினார், ஓரத்தைத் தேய்த்தார், மீண்டும் மாட்டினார். பெரியவர் அறையை இரண்டு முறை சுற்றி வந்தார். இளைஞர் வாய் திறந்து, சொல்ல வந்ததை நிறுத்தி, வேறு விதமாகக் கேட்டார்:

“பாபுஜி, இப்போது எங்கே கடிக்கிறது?”

‘கடிக்கிறதா’ என்று கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று முடிந்திருக்கும். ‘எங்கே’ என்ற சொல், கடி இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. குறை சொல்வதைக் குறைகூறலாக அல்லாமல் உதவியாக மாற்றிவிடுகிறது.

பெரியவர் சற்று யோசித்தார். பிறகு குனிந்து, யாரும் பார்த்திராத சுண்டுவிரல் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.