கூறைப் புடவையின் ஊரில் ஒரு நாள்

திருமணத் திருப்பலியில் மாங்கல்யத்தோடு கூறைப் புடவையையும் மந்திரித்துக் கொடுப்பது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். குருப்பட்டம் பெற்ற நாள்தொட்டு எத்தனையோ பட்டுகளின்மீது தீர்த்தம் தெளித்திருக்கிறோம். அவற்றை நெய்தவர் யார் என்று ஒரு நாளேனும் வினவியதில்லை. அக்குறை தீரவே, குருமடத் தோழர் ஒருவருடன் ஆரணிக்குப் புறப்பட்டோம்.

வேலூர் கண்டோன்மென்ட் நிலையத்தில் காலையில் ரயிலேறினோம். காட்பாடியிலிருந்து விழுப்புரம் செல்லும் பாதை அது. முன்னாளில் மீட்டர் கேஜ், இன்று அகலப்பாதை. கண்ணமங்கலம் கடந்ததும் மேற்கே சவ்வாது மலை கூடவே வந்தது.

தோழர் ஜப்பான் நாட்டில் சில ஆண்டுகள் மறைப்பணி ஆற்றியவர். அங்கே ஒரு நண்பருடன் டகாசாகி நகரிலிருந்து சிறு ரயிலில் டோமியோகா சென்று மாலையில் திரும்பிய கதையைச் சொல்லி வந்தார். பட்டுக்கூட்டிலிருந்து நூலெடுக்க 1872இல் ஜப்பானிய அரசு அங்கே ஓர் ஆலையை நிறுவிற்று. 1987இல் வேலை நின்றது. 2014இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. "அழகான கட்டடம் சாமி. ஆனால் இயந்திரங்களெல்லாம் ஊமையாய் நிற்கின்றன" என்றார்.

நாம் இறங்கிய நிலையத்தின் பெயர் ஆரணி ரோடு. அது இருப்பதோ அரிசிக்குப் பேர்போன களம்பூரில். அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால், கமண்டல நாகநதிக் கரையில் ஆரணி. 1751இல் ராபர்ட் கிளைவ் போரிட்டு வென்ற இடமென இவ்வூரை வரலாற்று நூல்கள் குறிக்கும். நாம் தேடி வந்ததோ கோட்டையை அன்று, தறியை.

உபதேசியார் வழிகாட்ட ஒரு நெசவாளர் இல்லத்தில் நுழைந்தோம். முன்கூடத்தையே குழித்தறி அடைத்திருந்தது. அறுபதைக் கடந்த பெரியவர் குழியில் கால்களை இறக்கி மிதித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டு கர்நாடகத்தது, ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. இரண்டையும் புடவையாக்க அவர்களுக்குப் பத்து நாட்கள் ஆகுமாம். தம் நாட்களை நெசவாளியின் நாடாவுக்கு ஒப்பிட்டார் யோபு. அந்த நாடா ஓடும் வேகத்தை அன்றுதான் கண்ணாரக் கண்டோம்.

"இதை யார் உடுத்தப் போகிறார்கள் என்று தெரியுமா ஐயா?" என்று கேட்டோம்.

"தெரியாது சாமி. ஆனால் கல்யாணப் புடவை என்றால் குளித்து விளக்கேற்றிவிட்டுத்தான் தறியில் உட்காருவேன். கட்டுகிற பெண் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா?"

நாம் வாயடைத்து நின்றோம். நம் தீர்த்தச் செம்பு தொடுமுன்பே அப்புடவைக்கு ஓர் ஆசி கிடைத்துவிடுகிறது!

மகனைப் பற்றிக் கேட்டோம். நாடா நின்றது. "செய்யாற்றில் ஆலை வேலைக்குப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வருகிறது. இங்கே வந்து உட்கார் என்று எந்த முகத்தோடு சொல்வேன், சாமி?"

இது அவர் ஒருவரின் கதையன்று. நாடெங்கும் கைத்தறித் தொழிலாளர் 2009-10 கணக்கெடுப்பில் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சமாகக் குறைந்துவிட்டனர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காவல் உண்டு. நெய்பவரின் அடுப்புக்கோ? உழைப்பாளிக்கு நியாயமான கூலி நீதியின் கடன் என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இலேயே 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் உரைத்தார். கூடாரம் செய்து பிழைத்த புனித பவுலடியாரின் மக்களாகிய நமக்கு இது புதிய பாடமன்று, மறந்த பாடம்.

மாலையில் களம்பூர் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தோழர் மெல்லச் சொன்னார்: "இந்தத் தறியையும் ஒரு நாள் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க நேருமோ சாமி?" நம்மிடம் மறுமொழி இல்லை.

அன்பர்களே, இல்லத் திருமணத்துக்குப் பட்டெடுக்கும்போது கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்தின் படியையும் ஏறிப் பாருங்கள். நம் பங்கில் அடுத்து நடந்த திருமணத்தில் புடவையை மந்திரிக்கையில், மணமக்களுக்காக மன்றாடியபின் அதை நெய்த கைகளுக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்த்தோம். இத்தனை ஆண்டுகளும் விட்டுப்போன மன்றாட்டு அது.