ஜூலியும் அம்மாவும் ஒரு டிரிம்மரும்

எங்க வீட்டு ஜூலிக்கு முதுகுல பாதி இடத்துல இன்னும் முடி சரியா முளைக்கல. காரணம் வெயிலும் இல்ல, சீக்கும் இல்ல. சாட்சாத் அடியேன்தான். செஞ்ச பாவத்தை எங்கயாவது இறக்கி வெக்கணும்ல, அதான் உங்ககிட்ட வந்திருக்கேன் மக்களே.

முதல்ல ஜூலி யாருன்னு சொல்லிடறேன். 2019-ல அப்பா போனப்பறம், காரைக்கால் வீட்டுல அம்மா தனியா இருக்காங்களேன்னு நான் வாங்கிக் குடுத்த வெள்ளை பொமரேனியன். அப்படிச் சொல்லித்தான் வித்தாங்க. அசல் பொமரேனியன்னா மூணு கிலோ சொச்சத்தைத் தாண்டாதுன்னு கணக்கு. எங்க மேடம் ஆறரை கிலோ. நம்ம பக்கம் பொமரேனியன்னு கூப்பிடறதுல பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தானாம். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹைங் கோன்' படத்துல டஃபின்னு ஒரு வெள்ளை நாய் வருமே, அதே இனம்.

ஜூலியைப் பாத்துக்கறது அம்மாவுக்கு முழுநேர வேலை. காலைல ஆறரைக்குள்ள நடை. லேட்டாயிட்டா தார் ரோட்டுல புறங்கையை வெச்சுப் பாப்பாங்க. தனக்குச் சுட்டா ஜூலிக்கும் சுடும்னு அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. கடற்கரைப் பக்கம் போய்ட்டு வந்தா விரல் இடுக்குல இருக்கற மணலும் உப்பும் போக நல்ல தண்ணில கழுவித் துடைக்கணும். மீன் வாங்கற அன்னிக்கு முள் எடுத்த மீனும் குழைஞ்ச சோறும். சாம்பார் சோறு கிடையாது, வெங்காயம் நாய் ரத்தத்துல இருக்கற சிவப்பணுவைக் காலி பண்ணிடும். இதை நான் சொன்னப்ப, "அப்ப எனக்கும் வெங்காயம் இல்லாத சாம்பாரே போதும்"னுட்டாங்க. ஆனி மாசம் மாங்கனித் திருவிழா வந்தா தனிக் கவலை. பிச்சாண்டவர் வீதி உலா வரப்ப மாடிலேர்ந்து மாம்பழமா இறைப்பாங்க. பழத்தோட சதை கொஞ்சம் குடுக்கலாம், தப்பில்ல. கொட்டையை முழுங்கி அது குடல்ல அடைச்சுக்கிட்டா ஆபரேஷன்தான்.

இதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை சாயங்காலம் அஞ்சரைக்கு. திண்ணைல உக்காந்து சீப்பு போடறது.

இந்த மாதிரி நாய்க்கு முடி ரெண்டு அடுக்கு. மேல நீளமா கொஞ்சம் முரட்டு முடி, அடில பஞ்சு மாதிரி இன்னொண்ணு. மேலாக்க வாரிவிட்டா பாக்க பளபளன்னுதான் இருக்கும், அடில சிக்கு கட்டிட்டே போகும். அம்மா ஒரு கையால முடியை மேல ஒதுக்கி, தோல் தெரியற மாதிரி வகிடு எடுத்து, வகிடு வகிடா இரும்புச் சீப்பால வாருவாங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், பின்னந்தொடை... சிக்குக்கு இந்த மூணு இடம்தான் பொறந்த ஊர். வாரும்போதே உண்ணி வேட்டையும் நடக்கும். கிடைச்சதை நசுக்காம பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்துல போடுவாங்க. ஐப்பசி, கார்த்திகைல இன்னும் மோசம். மழையும் கடல் காத்துமா சேந்து அடி முடி காயவே காயாது, ஈரம் நின்னா தோல் புண்ணாயிடும். துண்டால ஒத்தி, ஃபேன் அடில வெச்சு, அப்பறம்தான் சீப்பு.

எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். அது பூரா அம்மா ஜூலிகிட்ட பேசிட்டே இருப்பாங்க. கேஸ் வராதது, எதிர்வீட்டுக்காரம்மா முகம் குடுக்காதது, இதுக்கு அப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்ங்கறது. எனக்குப் போன்ல சொல்லாததெல்லாம் அதுக்குச் சொல்லுவாங்க.

2024 மே மாசம் பெங்களூர்லேர்ந்து லீவுக்குப் போயிருந்தேன். எங்க ஊர் மே மாசம் தெரியாதவங்களுக்கு: குளிச்சுட்டு வெளில வரதுக்குள்ள மறுபடி குளிக்கணும். ஜூலி நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுட்டு கிடந்துச்சு. "கம்பளி போத்திட்டுக் கிடக்கற மாதிரி இருக்கும்மா, வழிச்சுடலாம்"னேன்.

"பிளாஸ்க்குல காப்பியும் ஆறாது, ஐஸும் கரையாதுடா. அது மாதிரிதான் இருக்கும், விட்டுடு"ன்னாங்க.

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு தட்டறவன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரை முதல் தடவையிலயே பாஸ் பண்ணினவன் (சிரிக்காதீங்க). அம்மா கோயிலுக்குப் போன நேரமா பாத்து, ஆன்லைன்ல வாங்கின டிரிம்மரோட ஜூலியைக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய், கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒட்ட வழிச்சுட்டேன். தலையும் வாலும் மட்டும் பாக்கி.

அம்மா வந்து பாத்தாங்க. திட்டல. திட்டியிருந்தா தேவலாம். சாயங்காலம் வழக்கம்போல சீப்பை எடுத்துட்டு திண்ணைக்கு வந்தாங்க, ஜூலியும் வந்து மடிகிட்ட படுத்துக்கிச்சு. வாரறதுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் சீப்பைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்துட்டு, உள்ள போய் டிவியைப் போட்டுட்டாங்க.

அப்பறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாய் சூட்டை வெளியேத்தறது முக்கியமா இரைச்சுத்தான், நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்த்து இல்ல. அந்த முடி, வெயில் நேரா தோல்ல விழாம தடுக்கற கூரை. கூரையைப் பிரிச்சுட்டு காத்து வரும்னு காத்திருந்த புத்திசாலி நான். இதை விட மோசம், ஸ்பிட்ஸ் வகை நாய்களுக்கு ஒட்ட வழிச்சா முடிக்கால் அப்படியே தூங்கிப் போயிடறது உண்டாம். திரும்ப வளர ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், சில இடத்துல வராமலே போகலாம்.

மாங்கனித் திருவிழாவுக்கு வந்தவங்கள்லாம் "நாய்க்கு என்னங்க சீக்கு?"ன்னு கேட்டிருக்காங்க. "சீக்கெல்லாம் இல்லங்க, எம்பையன் இஞ்சினியர்"னாங்களாம் அம்மா.

அக்டோபர் வரைக்கும் ஒண்ணும் முளைக்கல. புதுச்சேரி குரும்பாப்பேட் கால்நடைக் கல்லூரிக்குக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போனோம். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு தமிழ்நாட்டைத் தாண்டித்தான் எங்க தலைநகருக்கே நாங்க போகணும், 1954-ல பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன ஏற்பாடு. தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, நார்மல். "வழிச்சீங்களா?"ன்னு ஒரே கேள்வி. தலையாட்டினேன். காத்திருக்கச் சொன்னாங்க.

அப்பாவோட பழைய வேட்டியைக் கிழிச்சு ஜூலிக்கு ஒரு சட்டை தெச்சுட்டாங்க அம்மா. வெயில்ல போறப்ப அது. அஞ்சரைக்குத் திண்ணைல சீப்புக்குப் பதிலா குழந்தைங்க தலைக்குப் போடற மெத்து பிரஷ். பேச்சு மட்டும் முன்ன மாதிரி இல்லன்னு நானே கவனிச்சேன். சீக்கிரமா முடிஞ்சுடும்.

தோள்பட்டைகிட்டயும் விலாவுலயும் முடி வந்துடுச்சு. நடு முதுகுதான் பாக்கி. நேத்து சாயங்காலம் ஆறு மணி வாக்குல போன் பண்ணேன். "அப்பறம் பேசறேன்டா, தோள்கிட்ட ஒரே சிக்கு, எடுத்துட்டிருக்கேன்"ன்னு வெச்சுட்டாங்க.